ஆறுமணிக்குருவியும் நாற்பதாவது கூடும்

மிஸ்ஸி,

இன்று காலை வட்டகொடை ஸ்டேஷன் வாங்கில் உட்கார்ந்திருந்தபோது சட்டைப் பையில் போன் ஒருமுறை அதிர்ந்தது. வலசைத் திருவிழா மறுபடியும் தொடங்கிவிட்டது. திரையின் மேல்மூலையில் மீதி நேரம் ஓடிக்கொண்டிருந்தது: ஒன்பது நாள், இருபத்து மூன்று மணித்தியாலம். உங்களிடம் சொல்ல இடப்பக்கம் திரும்பினேன். நீங்கள் குடையைச் சாத்தி வைக்கும் இடத்தில் யாரோ சந்தைக்குப் போகும் ஒரு கோவா மூட்டையை இறக்கி வைத்திருந்தார்கள்.

இரண்டு கிழடுகள் ஸ்டேஷனில் உட்கார்ந்து போனில் சீட்டு விளையாடுகிறார்கள் என்று ஊரில் சிரித்தார்கள். நமக்கு வேறு வழியில்லை. என் வீட்டிலும் உங்கள் வீட்டிலும் சிக்னல் கிடைக்காது. இந்த வாங்கில்தான் நான்கு கோடும் வரும். கட்டாரிலிருக்கும் உங்கள் மகள் அந்த விளையாட்டை உங்கள் போனில் போட்டுக் கொடுத்தபோது, அதன் ஆங்கில விதிகளை வாசித்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டீர்கள். நான் வாசித்ததோடு நிற்கவில்லை. ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, கோடு போட்டு, எல்லாவற்றையும் தமிழில் எழுதிவிட்டேன். பறவைகளின் சீட்டுகளைச் சேர்க்கும் விளையாட்டு. 'வலசைத் திருவிழா' என்பதுகூட நான் வைத்த பெயர்தான். ஆங்கிலத்தில் அது நீண்ட பெயர், உங்களுக்கு வாயில் நுழையவில்லை.

விதி இதுதான். திருவிழா பத்து நாள் நடக்கும். தினமும் ஆடினால் நாற்பது தானிய மணிகள் கிடைக்கும். பத்து மணி கொடுத்தால் ஒரு கூடு திறக்கும். உள்ளே ஏதாவது ஒரு பறவையின் சீட்டு இருக்கும். நாற்பதாவது கூட்டில் ஆறுமணிக்குருவி நிச்சயம். பத்தாம் நாள் முடிந்ததும் மிச்சமிருக்கும் மணிகள் எல்லாம் அழிந்துபோகும். மணியைத் தவிர இறகு என்று ஒன்றும் உண்டு. அது திருவிழாவோடு அழியாது, ஆனால் சேர்வதற்கு மாதக்கணக்காகும்.

தோட்டத்துக்கே மருத்துவிச்சி மிஸ்ஸியாக இருந்த உங்களுக்கு ஆறுமணிக்குருவிமேல் ஒரு பிடி. "புள்ளப்பேறு பாத்துட்டு லயத்து வீட்டுலேருந்து இறங்கி வாறப்ப இது கத்தும். அப்பதான் எனக்கு விடிஞ்சதே தெரியும்" என்றீர்கள்.

முதல் திருவிழாவில் நான் செய்த முட்டாள்தனத்தை நீங்கள் மறக்க விடவில்லை. நீங்கள் அன்றாடம் கிடைத்ததை அன்றே செலவழித்தீர்கள். நான் ஒரு மணியைக்கூடத் தொடவில்லை. தினம் நாற்பது, பத்தாம் நாளில் நானூறு, நாற்பது கூடும் ஒரே இருப்பில் என்று கணக்கு. அதற்கு முன்னால் திறந்துவிட்டு, விதியில் ஏதாவது மாறிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வேறு. பத்தாம் நாள் காலையில் மழை கொட்டியது. மின்சாரம் போய், டவரும் நின்றது. போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நான் நடந்ததை நீங்கள் வாங்கிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சிக்னல் வந்தபோது திருவிழா முடிந்திருந்தது. முந்நூற்று அறுபது மணி போய்விட்டது. ஒரு கூட்டைக்கூட நான் திறந்திருக்கவில்லை.

"முப்பது வருசமா போத்தலத் திருப்பித் திருப்பி திகதி பாத்த ஆளு நீங்க" என்றீர்கள். "இப்ப இம்புட்டு மருந்தையும் காலாவதியாக்கிப்புட்டீங்களே ஐயா."

எனக்குச் சுருக்கென்றது. நான் தோட்டத்து மருந்தாளன்; முதலில் காலாவதியாவதை முதலில் கொடு என்று அலுமாரியில் எழுதி ஒட்டியவன். அதற்குப் பக்கத்து அறையில் நீங்கள் மருத்துவிச்சி. அந்த வருடங்களில் நாம் ஒரே ஒருமுறைதான் சண்டை போட்டோம். பிரசவமான ஒரு பெண்ணுக்கு இரத்தம் நிற்காமல், பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி வரும்வரை காத்திருந்தோம். அலுமாரியில் ஒரேயொரு சேலைன் போத்தல் இருந்தது. இதைவிட மோசமாக யாராவது வந்தால் என்ன செய்வது என்று சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"வரப்போற ஆளுக்குப் பேரு இருக்குங்களா ஐயா?" என்று கேட்டீர்கள். "இந்தப் புள்ளைக்குப் பேரு இருக்கு. தொறங்க."

திறந்தேன். அந்தப் பெண் பிழைத்தாள். ஆனாலும் நான் மாறவில்லை. பயந்தவனுக்கு ஒரு முறை போதாது.

உங்களை ஊதாரி என்று யாரும் சொல்ல முடியாது. கட்டுத்துணியை அங்குலம் அளந்து வெட்டுகிற கை உங்களுடையது. விளையாட்டிலும் அப்படித்தான். முதல் திருவிழாவில் உங்களுக்குச் சில கூடுகள் குறைந்தபோது, இறகுகளை மணியாக மாற்றலாமே என்று நான் யோசனை சொன்னேன். "வேணாங்க. இறகு நாளைக்கும் இருக்கும். அத இன்னைக்கு அள்ளிப் போட்டா நாளைக்கு அழணும். இன்னையோட போறத மட்டும் இன்னைக்குச் செலவழிப்போம்" என்றீர்கள். அதையும் கொப்பியில் எழுதி வைத்தேன், கீழே இரட்டைக் கோடு போட்டு.

அடுத்த திருவிழாவின் போது உங்களுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. ஸ்டேஷன் படியில் மூன்று இடத்தில் நின்று வருவீர்கள். இருதயத்தில் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும், கண்டிக்கு வாருங்கள் என்று திகதி கொடுத்தார்கள். அது திருவிழாவின் பத்தாம் நாளில் விழுந்தது. ஆறாம் நாளே போய் ஆஸ்பத்திரி வாட்டில் சேர வேண்டும். ரயிலேறுமுன் உங்கள் போனை என் கையில் வைத்தீர்கள்.

"இருபது கூடு தொறந்திருக்கேன். மிச்சத்த நீங்க பாத்துக்குங்க."

"என்னால ஏலுமா மிஸ்ஸி? ஏதாவது பிழையா அமத்திட்டேன்னா?"

"குருவிதானேங்க. பறந்தா பறக்கட்டும்."

ரயில் போனபின் கொப்பியைத் திறந்து கணக்குப் போட்டேன். அந்த முறை நானும் அன்றாடம் திறந்து வந்ததால் இருபத்துநாலு கூடு முடித்திருந்தேன். மிச்சமுள்ள நான்கு நாளும் ஆடினால் எனக்கு மிகச் சரியாக நாற்பது வரும். மூச்சு வாங்கி நீங்கள் ஒருநாள் வராததால் உங்களுடையது முப்பத்தாறில் நின்றுவிடும். ஆனால் விளையாட்டில் ஒருவர் தன் மணியை மற்றவருக்குப் பரிசாக அனுப்பலாம். என்னுடையதையும் சேர்த்தால் ஒன்பதாம் நாளே உங்களுக்கு நாற்பது நிறையும். கொடுத்தால் எனக்குக் குருவி இல்லை. என் கொப்பியில் எத்தனையோ பக்கம் கூட்டல் கழித்தல் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் மட்டும் ஒரு வரிதான்: 'மிஸ்ஸிக்கு.'

இதில் பெருமைப்பட எதுவுமில்லை. மணியைக் கொடுப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. கண்டிக்கு வருவதுதான் கடினமாக இருந்தது. சத்திரசிகிச்சை முடியட்டும், உங்களுக்குத் தெம்பு வரட்டும், குருவியையும் கையில் வைத்துக்கொண்டு பிறகு ஆறுதலாகப் போகலாம் என்று திட்டமிட்டிருந்தேன். நோயாளிக்கு முன்னால் என்ன பேசுவதென்று எனக்கு எப்போதும் தெரியாது. ஆயுளெல்லாம் மருந்துப் போத்தலைக் கொடுத்துவிட்டுக் குனிந்துகொண்டவன் நான்.

ஒன்பதாம் நாள் காலையில் இந்த வாங்கிலிருந்து உங்கள் போனில் முப்பத்தொன்பதாவது கூடுவரை திறந்து முடித்தேன். நாற்பதாவதின்மேல் விரலை வைத்தபோது கண்டி ரயிலுக்கு மணியடித்தார்கள். டவர் நின்றுபோன அந்த மழைக்காலை நினைவுக்கு வந்தது. எல்லாம் கூடிவரட்டும் என்று பத்தாம் நாளுக்காக வைத்திருந்ததை அன்று நான் எப்படி இழந்தேன் என்று நினைத்தேன். மாற்றுச் சட்டைகூட இல்லாமல், இரண்டு போனோடும் ஒரு கொப்பியோடும் ரயிலேறினேன். அப்படி நான் செய்தது அதுவே முதல் தடவை.

மத்தியானம் வாட்டுக்குள் விட்டார்கள். என்னைக் கண்டதும் நீங்கள் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள்.

"என்னங்க ஐயா, தோட்டத்துல தீயா?"

"நாப்பதாவது கூடு. நீங்கதான் தொறக்கணும்."

நீங்கள் செபமாலையைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, விரலைச் சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டு தொட்டீர்கள். கூடு பிரிந்தது. பச்சை முதுகு, வாலடியில் சிவப்பு, கண்ணுக்கு மை தீட்டினாற்போல் கறுப்புக் கோடு. அது ஒருமுறை கத்தவும் செய்தது. பக்கத்துக் கட்டில் அம்மா எட்டிப் பார்த்தார். நீங்கள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகுதான் திரையின் மூலையைக் கவனித்தீர்கள்.

"நாப்பது மணி மிச்சம் இருக்கே. உங்களுக்கு அனுப்பிட்டேன் பாருங்க. நாலு கூடு."

"நாளைக்கும் நேரமிருக்கு மிஸ்ஸி, ஊருக்குப் போய்..."

"ஐயா."

அவ்வளவுதான் சொன்னீர்கள். அங்கேயே திறந்தேன். நான்கிலும் சிட்டுக்குருவி. ஏற்கனவே என்னிடம் ஆறு இருந்தன. "பத்து சிட்டுக்குருவி. கோழிப்பண்ணை வைக்கலாங்க" என்று நீங்கள் சிரிக்கத் தொடங்கி, இருமி, மறுபடி சிரித்தீர்கள். வாட்டுத் தாதி மிஸ்ஸி ஒருத்தர் வந்து நம் இரண்டு பேரையும் அதட்டிவிட்டுப் போனார்.

போகும் நேரத்தில் துணிந்து கேட்டேன், "பயமா இருக்குங்களா?"

"இருக்கத்தான் செய்யுது. நாளைக்குக் காலைலதானே, அப்ப பயந்துக்கிறேன். இப்ப மத்தியானம்."

மறுநாள் சத்திரசிகிச்சைக்குப் பின் நீங்கள் கண் திறக்கவில்லை. நான் போட்டிருந்த திட்டத்தின்படி வந்திருந்தால், குருவியை வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருப்பேன். அந்த ஒரு மத்தியானத்தை நான் வீணாக்கவில்லை. என் எழுபத்தாறு வயதில் இவ்வளவு நிச்சயமாகச் சொல்லக்கூடியது வேறெதுவும் என்னிடம் இல்லை. அதை எனக்கு வாங்கிக் கொடுத்தவர் நீங்கள். முதலில் ஒரு சேலைன் போத்தலால், பிறகு முந்நூற்று அறுபது மணிகளின் நஷ்டத்தால்.

ஒரு கடன் இருக்கிறது. அடக்கத்துக்கு வந்த உங்கள் மகள், "கடைசியா பாத்தவங்க நீங்கதான். அம்மா பயந்துக்கிட்டு இருந்தாங்களா ஐயா?" என்று கேட்டார். நேரில் சொல்ல வாய் வரவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்றேன். வருடம் ஒன்றாகிவிட்டது. கொப்பியில் பதினொரு முறை தொடங்கி, சொற்கள் சரியில்லை என்று பதினொரு முறையும் அடித்துவிட்டேன். நல்ல சொற்கள் சேரட்டும் என்று காத்திருந்தேன். எதையெல்லாம் இப்படிச் சேர்த்து வைக்கிறேன் பாருங்கள்.

இன்று முதலாவது பத்துத் தானிய மணி கிடைத்ததும் அப்போதே ஒரு கூட்டைத் திறந்தேன். சிட்டுக்குருவி. பதினோராவது. கோவா மூட்டைக்காரர் என்னைத் திரும்பிப் பார்க்குமளவுக்குச் சிரித்துவிட்டேன்.

சிரித்த கையோடு கொப்பியைத் திறந்து, மகளுக்கு எழுத முடியாததை உங்களுக்கு எழுதத் தொடங்கினேன். இந்தப் பக்கத்தோடு முடிகிறது. இரண்டு இடத்தில் வசனம் கோணலாக இருக்கிறது; வீட்டுக்குப் போய்த் திருத்தி எழுதினால் நன்றாக இருக்கும். எதிர்மலையில் பனி இறங்கிக்கொண்டிருக்கிறது. போனில் இன்னும் நான்கு கோடும் இருக்கின்றன. பக்கங்களை இங்கேயே படம் பிடித்து மகளுக்கு அனுப்பிவிடுகிறேன், மிஸ்ஸி. கட்டாரில் இப்போது விடிந்திருக்கும்.