அண்ணியும் குடித்த கோப்பி ஓ

என் ஆசை அண்ணனுக்கு,

நல்ல சேதி! அண்ணியின் நெஞ்சில் என்ன கோளாறு என்று கண்டுபிடித்துவிட்டார்கள். மூன்று நாளாக எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பள்ளி வேன் ஓட்டும்போதுகூடப் பாடுகிறேன். பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள்.

முதலிலிருந்து சொல்கிறேன். குருண் ஊரில் பலகைத் தொழிற்சாலைத் தூசிக்குள் இருபது வருஷம் நின்று அண்ணிக்கு நுரையீரல் கெட்டுப்போனது உனக்குத் தெரியும். நீ போன பிறகு நெஞ்சுவலியும் சேர்ந்துகொண்டது. உனக்கு எடுத்தார்களே, அதே ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். நடந்து ஓடிக் காட்ட முடியாதவர்களுக்கு மருந்து ஏற்றி, இதயத்துக்கு வேலை கொடுத்துப் படம் பிடிப்பது.

உன் ஸ்கேன் நாள் நினைவிருக்கிறதா? முந்தின நாளிலிருந்தே கோப்பி, தேத்தண்ணி கூடாது என்றார்கள். காலையில் உனக்கு இளைப்பு வந்தது. கரங்கானில் நம் வீட்டில் இளைப்புக்குக் கைவைத்தியம் என்ன? பால் இல்லாமல், கெட்டியாக, சுடச்சுட ஒரு கோப்பி ஓ. குடித்தாய். தாதி கேட்டபோது "இல்ல மிஸ்ஸி" என்றாய். இதயம் நன்றாக இருக்கிறது என்று முடிவு வந்தது. திரும்பும் வழியில் சிரித்தாய்: "ஒரு கிளாஸ்தான் லா, யாருக்குத் தெரியப் போவுது?" நானும் சிரித்தேன். ஆறு மாதத்தில் மாரடைப்பில் போய்விட்டாய்.

இந்த முறை டாக்டர் தமிழ்ப் பெண். கேள்வியாகக் கேட்டுத் துளைத்துவிட்டேன். மூன்று மருந்து இருக்கிறதாம். பழையது ஒன்று இதயக் குழாய்களை விரிக்கும். ஆனால் அண்ணி மாதிரி ஆட்களுக்கு மூச்சுக்குழாயை இறுக்கிவிடலாம். புதியது ஒன்று, ஒரே ஊசி. நுரையீரலை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது, ஆனாலும் பக்கத்திலிருந்து கவனிக்க வேண்டும். மூன்றாவது இதயத்தை ஓட வைக்கும். மூச்சை இறுக்காது, ஆனால் துடிப்பு தாறுமாறாகலாம். அண்ணிக்குப் புதிய ஊசியைத்தான் குறித்து வைத்திருந்தார்.

ஸ்கேன் அன்று காலை என்ன நடந்தது தெரியுமா? அண்ணியை ஏற்றப் போனால் வீடெல்லாம் கோப்பி வாசனை! வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். "கொஞ்சம் இளைச்சுச்சு மலரு, அதான். சொல்லிடாத, தேதி மாத்திருவாங்க." அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனேன்.

அங்கே டாக்டர், "கோப்பி ஏதும் குடிச்சீங்களாம்மா?" என்றார். அண்ணி இல்லையென்று தலையாட்டத் தொடங்கினார்.

"குடிச்சாங்க டாக்டர்! ஒரு கிளாஸ் முழுசா!" என்று கத்திவிட்டேன். அண்ணி பார்த்த பார்வையில் நான் பொசுங்கியிருக்க வேண்டும்.

டாக்டர் திட்டவில்லை. "நல்ல வேள சொன்னீங்க. அந்த மருந்த கோப்பி வேலை செய்ய விடாது. அடைப்பு இருந்தாலும் படத்துல தெரியாம போயிரலாம்."

அண்ணே, உனக்கும் அப்படித்தான் ஆனதா? அவரிடமே கேட்டேன். "இப்ப யாராலயும் சொல்ல முடியாதுக்கா" என்றார். அன்று நானும் வாயைத் திறந்திருந்தால்? நினைத்தால் இன்னமும் அழுகை வருகிறது.

மறுபடி தேதி கிடைக்க நாளாகும் என்பதால், அண்ணியை நன்றாகப் பரிசோதித்துவிட்டு மூன்றாவது மருந்துக்கு மாறினார். அதற்குக் கோப்பி ஒரு பொருட்டே இல்லையாம்! நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டு நிற்கிறேன். உள்ளேயிருந்து அண்ணி சத்தம் போடுகிறார்: "மலரு, நெஞ்சு உங்கண்ணன் லாரிய விட வேகமா ஓடுது லா!" மூச்சு இறுகவே இல்லை. படத்தில் இதயத்தின் ஒரு பக்கம் ரத்தம் குறைவாகப் போவது தெரிந்தது. அடுத்த வாரம் அடைப்பைத் திறந்து குழாய் வைக்கிறார்கள். அடைப்பு இருக்கிறது என்றதும் கைதட்டியவள் அந்த ஆஸ்பத்திரியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஒரு சத்தியம் செய்கிறேன், கேட்டுக்கொள். அண்ணி வீடு திரும்பும்வரை உன் படத்துக்கு முன்னால் தினமும் வைக்கும் கோப்பி கிடையாது. நீயும் விரதம் இரு. வந்த அன்றைக்கே பெரிய கிளாஸில் வைக்கிறேன். குடித்தாயா என்று அங்கே யாராவது கேட்டால் நீ மறைத்தாலும் நான் சொல்லிவிடுவேன்.

உனக்காக ஒரு தடவை வாயை மூடிக்கொண்ட, இனி மூடவே மாட்டாத
உன் தங்கச்சி மலர்