இளவரசனுக்கான வெந்நீர்

பிப்ரவரி 24, திங்கள்

வெந்நீர்த் தொட்டி வந்துவிட்டது. வீட்டின் பின்புறம், தகரக் கூரைக்குக் கீழே வைத்தார்கள். விபத்தில் முதுகெலும்பு நொறுங்கிப் படுக்கையில் கிடக்கும் மகன் இளவரசனுக்காக வாங்கியது. வெதுவெதுப்பான நீரில் பயிற்சி செய்தால் கால்களின் இறுக்கம் தளரலாம் என்கிறார் மருத்துவர். ஆனால், "படுக்கைப் புண்ணு முழுசா மூடணும் சார். தண்ணி சுத்தமா இருக்கணும்." முதலாவது என் கையில் இல்லை. இரண்டாவது இருக்கிறது. நான் வேதியியல் ஆசிரியன்.

பிப்ரவரி 26, புதன்

கையேட்டின்படி முதலில் குழாய்களைக் கழுவுவதற்காகவே நீர் நிரப்பி மோட்டாரை ஓடவிட்டேன். சாம்பல் நிற நுரையும் கருந்துகள்களும் வந்தன. தொழிற்சாலையில் சோதித்தபோது தங்கிய பழைய நீர். முழுவதையும் வெளியேற்றித் தொட்டியைத் துடைத்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

போர்வெல் தண்ணீரில் குளோரின் இட்டதும் தேநீர் நிறமாகிவிட்டது. இரும்பு அதிகம். மறுபடியும் வெளியேற்றினேன். மைத்துனன் கோபி எட்டிப் பார்த்தான். "டீ ரெடியா மாமா? எனக்குச் சக்கரை கம்மி." உள்ளே இளவரசன் சிரிப்பது கேட்டது. எத்தனை மாதத்துக்குப் பிறகு!

லாரித் தண்ணீருக்குச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 8, சனி

லாரித் தண்ணீர் நிரப்பியாயிற்று. சரிசெய்ய வேண்டியது முதலில் காரத்தன்மை, அடுத்து அமில அளவு, கடைசியில்தான் குளோரின். வரிசை மாறினால் ஒன்றை மற்றொன்று கெடுத்துவிடும்.

"எனக்கு வெச்ச பரீட்சையவிட தண்ணிக்கு ஜாஸ்தி வெக்கிறியேப்பா. பாஸாவுமா?" என்றான் இளவரசன்.

என் மனைவி மணிமொழி வேறு கேட்டாள். "புள்ள மொத மொத எறங்கறான். மஞ்சத் தண்ணியாவது தெளிக்கட்டுமாங்க?"

வெளிப்பொருள் ஒரு சொட்டும் சேரக் கூடாது என்றேன்.

"சாமி தண்ணி வெளிப்பொருளா?"

விதியை விளக்கத் தொடங்கினேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 13, வியாழன்

எல்லா அளவும் சரி. புண் மூடிவிட்டதென்று மருத்துவரும் சொல்லிவிட்டார். நாளை இறக்கலாம். மணிமொழி கிரிவலம் போயிருக்கிறாள்.

மார்ச் 14, வெள்ளி

இறங்கினான்.

சற்று முன்புதான் சோதித்தேன். குளோரின் மிகச் சரியாக இருந்தது. பிறகு நானும் கோபியும் அறைக்குப் போய் அவனைத் தூக்கிவந்தோம். மணிமொழி தொட்டியருகே ஈரக் கையோடு நின்றிருந்தாள். நீர் லேசாக நுரைத்தது. காற்றுத் துளைகளால் இருக்கும்.

"அம்மா, காலு மெதக்குதும்மா!"

வேறு யாருடைய கால்களையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான். போதும் என்றதற்கு, "இன்னுங் கொஞ்ச நேரம்பா" என்றான். விட்டேன்.

மார்ச் 15, சனி

குளோரின் பூஜ்யம். ஒருவன் ஒருமுறை இறங்கியதால் இப்படிக் குறையாது. காரணம் தெரியும்வரை இறக்க மாட்டேன்.

மார்ச் 17, திங்கள்

காய்ச்சல். மூடியிருந்த புண்ணின் ஓரம் சிவந்து கசிகிறது.

மார்ச் 18, செவ்வாய்

மருத்துவமனையில் சேர்த்தாயிற்று. மணிமொழி அவனோடு இருக்கிறாள். மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தவன், தொட்டியின் வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தேன். மடிப்புகளில் பாலாடைபோல் பிசுபிசுப்பு. விபூதிச் சேறு. இரண்டு வில்வ இலைகள்.

கிரிவலத்துக்கு அவள் எடுத்துப்போன செம்பு, சமையலறையில் கழுவிக் கவிழ்த்திருக்கிறது. அடி அண்ணாமலைக் கோயிலின் அபிஷேகப் பால். நாங்கள் அவனைத் தூக்கிவரப் போன அந்தச் சிறு பொழுதில் ஊற்றியிருக்கிறாள். ஒரு செம்பு போதும், இருக்கிற குளோரினையெல்லாம் தின்றுவிடும்.

ஐயோ மணிமொழி, என்ன பண்ணிட்ட? ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?

சொல்லியிருந்தா — விட்டிருப்பேனா?

மார்ச் 27, வியாழன்

ரத்தத்தில் பரவிவிட்டது. "தண்ணியிலேர்ந்தும் வந்திருக்கலாம், படுக்கையிலேர்ந்தும் வந்திருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது சார்" என்கிறார் மருத்துவர்.

வராந்தாவில் மணிமொழி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு அபிஷேகப் பால ஊத்தினேங்க. அதாலயா?"

"பாலால ஒண்ணும் ஆவாது. நான்தான் அன்னிக்குக் குளோரின் பாக்காம எறக்கிட்டேன்."

இதுவரை எந்த அளவையும் நான் பொய்யாகச் சொன்னதில்லை.

சட்டையை விட்டுவிட்டாள். "அத்தினி நாளு பாத்தியே. அன்னிக்குப் பாக்கலியா நீ?"

என்னை அவள் ஒருமையில் அழைத்தது அதுவே முதல் முறை.

மார்ச் 30, ஞாயிறு

விடியலில் இளவரசன் போய்விட்டான்.

ஜூலை 10, வியாழன்

பௌர்ணமி. தொட்டி கூரைக்குக் கீழே கவிழ்ந்து கிடக்கிறது.

தீட்டுக் கழிந்தபின் இன்றுதான் மணிமொழி கிரிவலத்துக்குக் கிளம்பினாள். அந்தச் செம்பைத் துலக்கி, அபிஷேகத்துக்குப் பால் நிரப்பி எடுத்துக்கொண்டாள். கோபி துணைக்குப் போனான். போய்வருகிறேன் என்று என்னிடம் சொல்லவில்லை. மருத்துவமனை வராந்தாவுக்குப் பிறகு அவள் என்னிடம் எதுவும் சொல்வதில்லை.

இரண்டு கைகளாலும் செம்பைப் பிடித்திருந்தாள். பால் தளும்பிவிடாதபடி நான் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டேன்.