நிலானி எடுத்துக்கொள்ளும் நேரம்

என் அன்பு மச்சாள் றோசலினுக்கு,

நீர் கண்ணை மூடிய பிறகு உம்முடைய பேத்தியை இங்கே டோர்ட்மண்டில் பள்ளிக்கூடம் கூட்டிப்போய் வருவது நான்தான். என் மனுசனான உம்முடைய அண்ணரும் இல்லாத வீட்டில் எனக்கும் அது ஒரு துணை. நிலானி இப்போது மூன்றாம் வகுப்பு. உதவிக்கு ஒரு பெண் பக்கத்தில் இருக்க, மற்றப் பிள்ளைகளோடு ஒன்றாகவே படிக்கிறாள். கேள்வி கேட்டால் அவளிடமிருந்து பதில் வர நேரமெடுக்கும் என்பது உமக்குத் தெரியும். வகுப்பு அதற்குப் பழகிவிட்டது.

போன மாதம் கல்வித் திணைக்களத்திலிருந்து பாடசாலையின் தரத்தைப் பார்க்க ஆட்கள் வருவதாக இருந்தது. அன்றைக்கு நிலானி வீட்டில் ஆறுதலாக இருக்கலாமே என்று வகுப்பாசிரியை உம்முடைய மகன் ரஞ்சனிடம் சொன்னாராம். அவன் என்ன செய்தான் தெரியுமா? தலையாட்டி நன்றி சொல்லிவிட்டு வந்து, ஆசிரியைமாருக்கு மீன் ரோல்ஸ் செய்யும்படி மனைவியிடம் சொன்னான்.

"ஆர் வருகினம், ஏன் பிள்ளை நிக்கக் கூடாது எண்டு கேட்டனியே?" என்றேன்.

"ரீச்சரிட்டைப் போய்க் கேள்வி கேக்கிறதே மாமி? அவ இரக்கப்பட்டுத்தான் சொன்னவ."

"நல்ல இரக்கம். பிள்ளையை ஒளிச்சு வைக்கச் சொல்லுறா, நீ ரோல்ஸ் சுட்டுக் குடு!"

நான் தரம் பார்ப்பதற்கு எதிரானவள் இல்லை, மச்சாள். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள், கொப்பியில் மை சிந்தினால் முழுப் பக்கத்தையும் திரும்ப எழுதியவள். வந்து பார்க்கட்டும், குறையிருந்தால் எழுதட்டும். ஆனால் இருக்கிற பிள்ளையை இல்லாததுபோல் காட்டி வாங்கும் நல்ல பெயர் யாருக்கு?

மறுநாளே போய் ஆசிரியையைப் பார்த்தேன். இளம் பெண். கண் கலங்கிவிட்டார். "அவர்கள் கொஞ்ச நேரம்தான் வகுப்பில் இருப்பார்கள். நாங்கள் நிலானிக்காகக் காத்திருப்பதைப் பாடம் நடக்காத நேரம் என்று எழுதிவிட்டால்? முடிவு மோசமாக வந்தால் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கும் இந்தக் கலப்பு வகுப்பையே நிறுத்திவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. அவளுக்காகத்தான் சொன்னேன்" என்றார்.

அதுவரை என்னிடமிருந்த கோபம் பயமாக மாறியது. வகுப்பு போனால் நிலானி நகரத்தின் மறுபக்கத்தில், இப்படியான பிள்ளைகளுக்கென்றே உள்ள தனிப் பாடசாலைக்குத்தான் போகவேண்டும். சிநேகிதிகள் எல்லோரும் இங்கேயே இருப்பார்கள். அவர்கள் வரும் நாளில் அவளைக் கூட்டிப்போக நினைப்பது சரியா? நீர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்?

ஆனாலும் அன்றைக்குக் கூட்டிக்கொண்டுதான் போனேன். ரோல்ஸையும் கொண்டுபோனேன்; சுட்டதை ஏன் வீணாக்குவது? பாடசாலை அதிபர் ரோல்ஸைப் பார்த்துச் சிரித்தார், பின்னால் நின்ற பிள்ளையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

வகுப்புக்கு வெளியே கிடந்த வாங்கில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்திருந்தது; பார்க்க வந்தவர்கள் உள்ளே இருந்தார்கள். அரை லீற்றர்ப் பால் பெட்டி இரண்டு சேர்ந்தால் எவ்வளவு என்று ஆசிரியை கேட்டார். யாரிடம் கேட்டார் தெரியுமா? நிலானியிடம். அந்தப் பெண்ணுக்கு எங்கிருந்து அந்தத் துணிவு வந்ததோ!

ஒரு சத்தமும் இல்லை. ஒரு பிள்ளையும் முந்திக்கொண்டு சொல்லவில்லை. கடைசியில் உம்முடைய பேத்தியின் குரல்: "ஒரு லீற்றர். ஆனால் எனக்குப் பால் பிடிக்காது." வகுப்பு முழுவதும் சிரித்தது.

வந்தவர்கள் அந்த மௌனத்தை எழுதினார்களோ, பதிலை எழுதினார்களோ, தெரியாது. முடிவு இன்னும் வரவில்லை. ரஞ்சன் என்னோடு சரியாகக் கதைப்பதில்லை. "வகுப்புப் போனா நீங்கள்தான் பொறுப்பு மாமி" என்கிறான். ஓம், நான்தான் பொறுப்பு.

ஒன்று மட்டும் உமக்குச் சொல்லி வைக்கிறேன். எந்தப் பாடசாலையானாலும், யார் பார்க்க வந்தாலும், அவளை முன்வாசலால்தான் கூட்டிக்கொண்டு போவேன். என் கால் நடக்கும் வரைக்கும்.

உம்முடைய அண்ணரின் மனைவி,
மச்சாள் பிலோமினா
டோர்ட்மண்ட்