தெருக்குத்து

ஜூன் 2003, திங்கள் இரவு

இல்லை, வரைபடத்தில் தப்பில்லை. நகரம் கட்டும் கணினி விளையாட்டில் இந்தக் கோடை முழுவதும் நான் கற்றது இதுதான். தெருக்கள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது. ஒரு தெரு இன்னொன்றில் முட்டி நின்றால் வண்டிகள் தேங்குவதில்லை. கழுகுமலை சாலையோரத்துக் கரிசல் காட்டை மனைகளாகப் பிரிக்க அப்பா வரையச் சொன்னபோது, அப்படியே வரைந்து கொடுத்தேன். அவரும் நம்பிக் கல் நட்டுவிட்டார். மனை விற்றால்தான் நான் மதுரையில் மேலே படிக்க முடியும்.

இன்று பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் பார்க்க வந்தார். முதல் தெரு முடியும் இடத்திலேயே நின்றுவிட்டார்.

“என்ன அண்ணாச்சி, எங்கன பாத்தாலும் தெருக்குத்தா இருக்கு? வாசல்ல தெரு வந்து குத்துனா குடும்பம் வெளங்குமா? ஓசியில குடுத்தாலும் வேண்டாம்.”

அப்பா சிரித்துச் சமாளித்தார்.  ஸ்கூட்டரில் வீடு வந்து இறங்கியதும் சொன்னார்.

“ஏட்டி, விக்காத மனையெல்லாம் ஒனக்கே எழுதிவைக்கேன். நீதான் படிச்சவ, இதெல்லாம் நம்பமாட்டியே.”

கேலியா என்று தெரியவில்லை. படிப்பைப் பற்றி நானும் கேட்கவில்லை. அலுப்பாக இருக்கிறது.

நான் நம்புவதில்லைதான். ஆனால் சாப்பிடும்போது தெரு முட்டும் அந்த மனையில் எனக்கொரு வீட்டை நினைத்துப் பார்த்தேன். வாசலைப் பக்கவாட்டில் வைத்திருந்தேன்.

பிறகு விளையாட்டைத் திறந்து தெரு முட்டும் இடங்களையெல்லாம் நாற்சந்தியாக்கினேன். வண்டிகள் தேங்கத் தொடங்கின. கணினியை அணைத்துவிட்டு, புதுத் தாளில், தெருக்குத்தே இல்லாமல், காட்டை மறுபடி வரைந்தேன்.