தொந்தரவு எதுவும் இல்லை என்று எழுதினார்கள்

மோபில், அலபாமா
அக்டோபர் 3

டேரியஸுக்கு,

அன்று மருத்துவரின் அறையில் நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன், நல விசாரணை பிறகு. உன் அப்பா ராத்திரியில் ஆறு தடவை எழுந்து போகிறார், சிறுநீரில் ரத்தம் வருகிறது, இடுப்பு வலியால் மாதக்கணக்காக ஒரே பக்கமாகப் படுக்கிறார். இந்த மூன்றையும் நான் சொல்லவில்லை. ஜெர்மனியில் நீயும் உன் மனைவியும் குழந்தையும் சுகம் என்று நம்புகிறேன். இங்கே சுகமில்லை.

போன ஞாயிறு போனில், பொம்மை மாதிரி உக்காந்திருந்தியா, அதுக்குத்தான் எங்கப்பா உன்னைக் கட்டினாரா என்று கேட்டாய். உன்னைவிட ஐந்து வயதுதான் மூத்தவள், அம்மா என்று நீ கூப்பிட வேண்டாம், ஆனால் பதில் கேட்டுக்கொள். அன்று சர்ச்சுக்குப் போடும் பழுப்புக் கோட்டையும் டையையும் போட்டுக்கொண்டு கிளம்பினார். எதற்கு என்றேன். வெறும் சட்டையோட போனா போதை மாத்திரைக்கு வந்தவன்னு நெனப்பானுங்க, கோட்டு போட்டாத்தான் மனுஷன் என்றார். வலிக்கிறது என்று கத்தியதற்காக உன் பெரியப்பா ராஸ்கோவை எண்பத்தெட்டில் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே அனுப்பினார்களே, அதை அவர் மறக்கவில்லை. காரிலேயே எனக்கும் உத்தரவு: நீ வாயத் தெறக்காத, பொண்டாட்டி பேசினா புருஷனுக்கு மூளை கலங்கிருச்சுன்னு எழுதிருவானுங்க. மருத்துவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் எப்படி இருக்கிறீர்கள் என்றார். நல்லாத்தான் இருக்கேன் டாக்டர், குறை சொல்ல ஒண்ணுமில்ல என்றார் உன் அப்பா. ரத்தப் பரிசோதனையில் புராஸ்டேட் எண் பதினான்கு; நான்கைத் தாண்டினாலே புற்றுநோயா என்று பார்க்க வேண்டுமாம். ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம் என்று எழுந்துவிட்டார் மருத்துவர். குறிப்பின் நகலை நேற்று வாங்கினேன். தொந்தரவு எதுவும் இல்லை, சிகிச்சையில் ஆர்வம் காட்டவில்லை என்று இருக்கிறது. சிகிச்சை என்ற சொல்லையே அந்த ஆள் அன்று உச்சரிக்கவில்லை.

உன் அப்பாவோடு துறைமுகத்தில் இருபத்தாறு வருஷம் கிரேன் ஓட்டிய வெள்ளைக்காரர் டேல் ஹக்கபியை உனக்குத் தெரியும். அதே வயது, அதே காப்பீடு, அதே மருத்துவர். அவருக்கு எண் ஒன்பதுதான். அவரும் ஒரு புகாரும் சொல்லவில்லை, மீன் பிடிக்கப் போகும் அரைக்கால் சட்டையோடுதான் போயிருக்கிறார். மூன்றாவது வாரம் சதையெடுத்துப் பார்த்து, கதிர்வீச்சும் முடித்துவிட்டார்கள். அவருக்கு எண் மட்டுமே போதுமாயிற்று. நம் கறுப்பு ஆண்கள் இந்தப் புற்றுநோயில் வெள்ளைக்காரர்களைப்போல இரண்டு மடங்கு சாகிறார்கள் என்று படித்திருக்கிறேன். பழைய படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில், எல்லோருக்கும் ஒரே வைத்தியம் கிடைக்கும்போது, அந்த இடைவெளி பெரும்பாலும் மறைந்துவிடுகிறதாம். ஆகவே ரத்தத்தில்தான் கோளாறு என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

என் மௌனத்துக்கு நான் பொறுப்பு. உன் பேச்சுக்கு நீ பொறுப்பு. கத்தி வைக்க விடாதீங்கப்பா, அப்புறம் நீங்க ஆம்பளையே இல்ல என்று கோடையில் அவரிடம் சிரித்துக்கொண்டு சொன்னாயாம். எல்லா உணவு வேளையிலும் அதைத் திருப்பிச் சொல்கிறார். பர்மிங்ஹாமில் வேறொரு மருத்துவரிடம் பதினேழாம் தேதிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். நான் சொன்னால் நச்சரிப்பு. மகன் சொன்னால் போவார்.

அவர் உனக்கு ஆசி சொல்லச் சொன்னார். கர்த்தர் உன் வீட்டைக் காக்கட்டும். என் பங்குக்கும் அதையே வேண்டுகிறேன், சற்றுச் சிரமப்பட்டு. இது கிடைத்ததும் போன் செய், கேலியில்லாமல் பேசு.

உன் அப்பாவின் மனைவி,
நெட்ரா

அக்டோபர் 8. நீ கூப்பிடவில்லை. நானும் இதைத் தபாலில் போட்டிருக்கவில்லை. திங்கள் காலை காரிலிருந்து இறங்கும்போது அவருடைய இடுப்பெலும்பு முறிந்தது. புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது என்று படம் எடுத்துச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியின் நான்காவது மாடியில் இருக்கிறார்.