வெட்டியெடுத்த கையெழுத்து

மே 6, திங்கள்

மழை. நான் வேலை பார்க்கும் கல்லூரி ஆவணக் காப்பகத்துக்கு யாரும் வரவில்லை. வீட்டில், வழக்கம்போல் மேசை விளக்கடியில் என் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடிமை ஒழிப்புப் பேச்சாளர் ஜோசையா தார்ன்பரியின் கையெழுத்து, தீப்பெட்டி அளவு. படிக்கிற காலத்தில் வாங்கியது, என்னிடம் உள்ள ஒரே பொக்கிஷம். அந்தக் காலச் சேகரிப்பாளர்கள், வாழ்த்தும் கையெழுத்தும் வாங்கி வைக்கும் நினைவேடுகளிலிருந்து பெரிய பெயர்களை மட்டும் கத்தரித்துக்கொள்வார்கள். பின்புறம் வேறொருவர் எழுத்தில் ஒரே சொல்: "சாயட்டும்." எது? வேலியா, மரமா? இருபத்தாறு வருடமாகத் தெரியவில்லை.

மே 14, செவ்வாய்

வெர்லீன் காஸ்கின்ஸ் என்பவர் வந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். கேக் டப்பாவுக்குள் ஒரு நினைவேடு. அவர் மூதாதை டேமருடையது. கென்டக்கியில் அடிமையாக இருந்து தப்பி வந்தவள். ஒரு தாளில் சதுர ஓட்டை. ஒருபக்கம் தார்ன்பரியின் வாழ்த்து, கையெழுத்து மட்டும் இல்லாமல். மறுபக்கம் டேமர்: "இந்தக் குளிர்காலத்தில் எழுதக் கற்றேன். என் எழுத்துகள் சாய்கின்றன என்கிறார்கள்." பிறகு ஓட்டை.

"யாரோ ஒருத்தன் பாத்துட்டுத் தர்றேன்னு வாங்கிட்டுப் போய் வெட்டிட்டான். ஆகஸ்ட்ல சொந்தபந்தமெல்லாம் கூடுறப்ப இதைப் படிப்போம். ஓட்டை வந்ததும் எல்லாரும் 'மன்னிச்சிடுங்க'ன்னு சொல்லணும், அங்க அதான் எழுதியிருப்பான்னு தாத்தா காலத்துப் பழக்கம். எனக்குப் பிடிக்கல மேடம். ஓஹாயோ ஆத்தைத் தாண்டி ஓடி வந்தவ எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்? அங்க என்ன இருந்துச்சுன்னு தெரியணும்."

எனக்கு உடனே தெரிந்தது. "பார்க்கிறேன், ஏட்டை வைத்துவிட்டுப் போங்கள்" என்றேன். அவ்வளவுதான்.

மே 15

சொல்லவில்லை.

மே 20, திங்கள்

பொருந்தக் கூடாது என்று ஆசைப்பட்டுக்கொண்டே சீட்டை ஓட்டையில் வைத்துப் பார்த்தேன். மசி, தாளின் இழை, வெட்டு. ஓட்டையின் விளிம்பில் ஓர் எழுத்தின் வால் அறுந்து நிற்கிறது. மீதி என் சீட்டில். கத்திரிக்கோல் நழுவிய இடம்கூட ஒன்றாகிறது.

சட்டப்படி என்னுடையது. சரி, அதனால்? — வேலியும் இல்லை, மரமும் இல்லை. எழுத்துகள்! தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன்.

மே 22, புதன்

வெர்லீனை வீட்டுக்கு அழைத்துச் சீட்டை நீட்டினேன்.

"இது எத்தன நாளா உங்ககிட்ட இருக்கு?"

"இருபத்தாறு வருஷமா."

"நான் வந்தே எட்டு நாளாச்சே. கமுக்கமா இருந்திருக்கீங்க!"

"ஆமா. குடுக்க மனசு வரல."

திருப்பிப் படித்தார். பிறகு மேசையை ஓங்கித் தட்டினார். "அடியாத்தி! திமிரு புடிச்சவ! எங்க வம்சந்தான், சந்தேகமே இல்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "ஆனா இத ஏட்டுல வச்சா உங்க பெரிய மனுஷன் தாளுக்குப் பின்னாடி போயிடுவாரே?"

"தாளைத் திருப்புனா இருப்பாரு. நீங்களே வச்சுக்குங்க."

ஆகஸ்ட் 3, சனி

பூங்காவில் காஸ்கின்ஸ் குடும்பம், எண்பது பேர், எல்லோருக்கும் ஒரே மஞ்சள் சட்டை. எனக்கும் ஒன்றைத் திணித்தார் வெர்லீன். சீட்டு ஏட்டில் தன் இடத்தில் இருந்தது. வெர்லீனின் அண்ணன் லூஷியஸ் படித்தார். பழக்கதோஷம், பாதிப் பேர் "மன்னிச்சிடுங்க" என்றுவிட்டார்கள்.

"யாருய்யா அது? மறுபடி மொதல்லேர்ந்து!" என்று வெர்லீன் கத்தினார்.

இரண்டாவது முறை எண்பது பேரும் ஒரே குரலில்: "சாயட்டும்!"

எண்பத்தொன்று. நானும் சொன்னேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மேசை விளக்கடியில், சீட்டு இருந்த இடத்தில், வெர்லீன் கட்டிக்கொடுத்த பீச் பழப் பலகாரம். முழுவதும் சாப்பிட்டேன்.