லாரிக்காரர் முந்திக்கொண்டார்

என் மகாராணிக்கு,

போனில் அனுப்பினால் உன் நோயாளிக் குழுவின் செய்திகளுக்கு அடியில் இது புதைந்துபோகும். அதனால்தான் காகிதத்தில் எழுதி, உன் மாத்திரை டப்பாவுக்குக் கீழே வைக்கிறேன்.

யார் உன் குழுவிலுள்ள அந்த லாரிக்காரர்? நீ முகம்கூடப் பார்த்ததில்லை. ஆனால் எந்தப் படியில் உன் முழங்கால் மடங்குகிறது என்று அவருக்குத் தெரிகிறது. நான் கேட்டால் மட்டும், "ஒண்ணுமில்ல, சாப்பிடுங்க."

உன் போனை எட்டிப் பார்த்தேன், ஆமாம். யார் வலி என்று எழுதினாலும் முதல் பதில் "நம்புறேன்" என்றுதான் இருக்க வேண்டும், அதுதான் உங்கள் குழுவின் வழக்கமாம். உனக்கு அதை எப்போதும் முந்திக்கொண்டு எழுதுவது அவர்தான். மனுஷன் லாரி ஓட்டுகிறாரா, உன் வலிக்குக் காவல் இருக்கிறாரா?

நேற்று வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. வேலையிலிருந்து வந்ததும், "மோட்டாரைத் தூக்குனதுல முதுகு பிடிச்சுக்கிச்சு" என்றேன். நீ நிமிராமலே "நம்புறேன்" என்றாய். பிறகு போனைக் கவிழ்த்துவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துபோய் வெந்நீர்ப் பை கொண்டுவந்தாய்.

என் முதுகுக்கு ஒன்றுமில்லை. நேற்று நான் எந்த மோட்டாரையும் தூக்கவில்லை.

டாக்டர் உன் ரிப்போர்ட்டைப் பார்த்து "எல்லாம் நார்மல்" என்றபோது நானும்தானே தலையாட்டினேன். என் பொய்க்கு உன்னிடம் உடனே கிடைத்த சொல், உன் நிஜத்துக்கு என்னிடம் ஒருநாளும் கிடைக்கவில்லை.

நம்புறேன். போதுமா?

முதுகு விஷயத்தை லாரிக்காரரிடம் சொல்லிவிடாதே. அந்த ஆள் என்மீதும் இரக்கப்படுவார். அதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

இப்படிக்கு,
குழுவில் இல்லாத
உன் வீட்டுக்காரன்